‘கேஸ் தீர்ந்துடுச்சு சார்’ – பழைய கார் ஏசி பற்றிச் சில குறிப்புகள்

கார் ஏசியில இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோற பொருள் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால பழைய வண்டி வச்சிருக்கிறவங்க வருஷா வருஷம் பணத்தை விடுறாங்க. சித்திரை பிறந்தா போதும், வண்டியை ஏசி கடையில விடுறது, “கேஸ் தீர்ந்துடுச்சு சார்” என்று அவர் சொல்றது, ஆயிரத்து ஐநூறோ ரெண்டாயிரமோ கொடுத்து நிரப்பிட்டு வர்றது. ஆடி மாசம் திரும்ப அனல்.

அது ஒரு மூடின சுற்று. கம்ப்ரஸர் கேஸை அழுத்தும். அழுத்தின சூடான கேஸ், ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற கன்டன்ஸர்ல வெளிக்காத்துக்குச் சூட்டைக் கொடுத்துட்டு திரவமாகும். அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வ் என்கிற சின்ன ஓட்டை வழியா டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயிலுக்குள் பீறிடும். அங்க அழுத்தம் குறைவு என்பதால உடனே கொதிச்சு ஆவியாகும். கொதிக்கிறதுக்கு வேண்டிய சூட்டை வண்டிக்குள்ள இருக்கிற காத்துல இருந்து எடுத்துக்கும். ஸானிடைசர் கையில பட்டா ஜில்லுனு இருக்கே, அதே சங்கதிதான். ஆவியானது திரும்பக் கம்ப்ரஸருக்கு வரும். உள்ள போட்ட கேஸ் எங்கேயும் எரிவதில்லை, செலவாவதில்லை. பத்து பன்னிரண்டு வருஷத்துல ரப்பர் ஹோஸ் வழியா கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனா ஆறு மாசத்துல கூலிங் போகுதுன்னா சுற்றுல எங்கேயோ ஓட்டை இருக்கு என்று அர்த்தம். ‘கேஸ் கம்மி’ என்பதை நோயின் பெயராக எடுத்துக்கக் கூடாது, அது வெறும் அறிகுறி.

அடுத்தது, பலருக்கும் சொல்லப்படாத விஷயம். கேஸ் எவ்வளவு இருக்கு என்பதை பிரஷர் பார்த்துச் சொல்லவே முடியாது.

வீட்டு எல்பிஜி சிலிண்டரை யோசிச்சுப் பாருங்க. 14.2 கிலோ இருக்கா என்று தராசுல போட்டுத்தானே வாங்குறோம்? “பிரஷர் எவ்வளவு இருக்கு?” என்று யாரும் கேட்பதில்லை. உள்ள துளி திரவம் மிச்சம் இருக்கிறவரைக்கும், முழு சிலிண்டரா இருந்தாலும் கால் சிலிண்டரா இருந்தாலும் பிரஷர் ஒண்ணுதான். அது வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. கார் ஏசியும் அப்படியே. இப்போ ஓடுற பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது ஆர்-134ஏ என்கிற கேஸ். எஞ்சின் நின்னு வண்டி முழுசும் ஆறி, வெளிவெப்பம் 35 டிகிரி இருக்கும்போது கேஜ் மாட்டினா சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ள 200 கிராம் இருந்தாலும் சரி, 500 கிராம் இருந்தாலும் சரி. 35 டிகிரியில 60 காட்டினா திரவமே இல்லை, பெருமளவு போயிடுச்சு என்று உறுதியாச் சொல்லலாம். 114 காட்டினா ‘கொஞ்சமாவது இருக்கு’ என்பதற்கு மேல ஒண்ணும் சொல்ல முடியாது.

அதனாலதான் பானெட்டைத் திறந்தா உள்பக்கத்துலயோ, முன்பக்கக் குறுக்குச் சட்டத்துலயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதுல அச்சடிச்சிருப்பாங்க. சின்ன கார்களுக்குப் பொதுவா 350 முதல் 550 கிராமுக்குள்ள வரும். அளவு கிராம்லதான் இருக்கு என்பதைக் கவனியுங்க. ஆனா நம்ம பக்கத்துல பாதிக் கடைகள்ல தராசே கிடையாது. “கேஜ் பாத்துத்தான் சார் போடுவோம், இருவத்தஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்” என்பார். அனுபவம் உண்மைதான், மறுக்கல. ஆனா 50 கிராம் கூடினாலும் குறைஞ்சாலும் சின்ன வண்டியில வித்தியாசம் தெரியும். கூடிப்போனா கூலிங் கூடாது, குறையும். கம்ப்ரஸர் மேல சுமையும் ஏறும்.

அப்போ கேஜ் எதுக்கு? ஏசி ஓடும்போது அதைத் தெர்மாமீட்டர் மாதிரி படிக்கணும். 134ஏ 0 டிகிரியில கொதிக்கும்போது அதோட அழுத்தம் சுமார் 28 பிஎஸ்ஐ. அதனாலதான் நீல நிறக் கேஜ்ல 25-லிருந்து 40-க்குள்ள இருந்தா நல்லது என்கிறாங்க. கூலிங் காயில் ஜில்லுனு இருக்கு, ஆனா ஐஸ் பிடிச்சு அடைக்கல என்று அர்த்தம். சிவப்புக் கேஜ் கன்டன்ஸர் பக்கம். 38 டிகிரி வெயில்ல, கன்டன்ஸர் அந்த வெயிலைவிடச் சூடா இருந்தாத்தானே சூட்டை வெளிய தள்ளமுடியும்? 55 டிகிரியில அது திரவமானா 200 பிஎஸ்ஐ, 60 டிகிரின்னா 230. இந்த ரெண்டு எண்களையும் ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க. ரெண்டும் குறைவுன்னா கேஸ் பற்றாக்குறை. ரெண்டும் அதிகம்னா அதிகமா நிரப்பியிருக்காங்க, இல்லைன்னா கன்டன்ஸருக்குக் காத்து போகல. நீலம் எகிறி 60, 70-ல நின்னு, சிவப்பு 120-க்கு மேல ஏறலைன்னா, அப்போதான் கம்ப்ரஸரைச் சந்தேகப்படணும். இதைப் பார்க்காம “கம்ப்ரஸர் வீக்” என்று ஒருத்தர் சொன்னா, எதை வச்சுச் சொல்றீங்க என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

செலவில்லாம வீட்டு வாசல்லயே பார்க்கக்கூடியது நிறைய இருக்கு. எஞ்சின் ஓடும்போது கை, துண்டு, துப்பட்டா எல்லாம் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளியே இருக்கட்டும். அது ஒண்ணுதான் எச்சரிக்கை.

ஏசியைப் போட்டதும் ‘டக்’குனு கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிற சத்தம் வருதா? வரலைன்னா ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கிளட்ச் காயில் என்று வயர் பக்கம் போகணும். கேஸ் ரொம்பக் குறைஞ்சா பிரஷர் சுவிட்சே கம்ப்ரஸரை ஓடவிடாது என்பதையும் ஞாபகம் வச்சுக்கங்க. கிளட்ச் பிடிக்குது, அஞ்சு நிமிஷம் ஓடின பிறகு பானெட்டுக்குள்ள இருக்கிற தடிமனான ஏசி பைப் நல்லா ஜில்லுனு வியர்க்குது, ஆனா உள்ள காத்து மட்டும் சுமார்னா கேஸ் பக்கம் பழுதே இல்லை. கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கும். அல்லது சூடு–குளிர் திருகியோட கேபிள் நழுவி, ஹீட்டர் காத்தும் கலந்து வரும். கேபின் ஃபில்டர் சில நூறு ரூபாய். அதை மாத்தாம கேஸ் மாத்தினவங்க எனக்குத் தெரிஞ்சே நாலு பேர். ப்ளோயர் நாலாம் ஸ்பீடுல மட்டும் ஓடுதுன்னா அது ரெசிஸ்டர், அதுவும் சின்னச் செலவுதான்.

ரொம்ப முக்கியமான அறிகுறி இன்னொண்ணு இருக்கு. ஓடும்போது ஜில்லுனு இருக்கு, சிக்னல்ல நின்னா அனல் அடிக்குது என்றால் கன்டன்ஸருக்குக் காத்து வரலை. ஃபேன் ஓடலை, இல்லை கன்டன்ஸர் அடைச்சிருக்கு. நம்ம பக்கம் (புதுக்கோட்டை கீரனூர் இல்லைங்க, பழனிக்குப் பக்கத்து கீரனூர்) இது சகஜம். மக்காச்சோளம் அடிக்கிற காலத்துல சோளத்தூசி, தேங்காய் நார்த்தூசி, ராத்திரி ஓட்டத்துல பூச்சிகள், எல்லாம் கன்டன்ஸர் தகடுகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி படிஞ்சுடும். தோட்டத்துக் குழாய்ல மெதுவா, முடிஞ்சா எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி விட்டுக் கழுவினாப் போதும். வாட்டர் வாஷ் கடையில பிரஷர் கன்னைக் கிட்டப் பிடிச்சு அடிச்சா அந்த மெல்லிய தகடுகள் படுத்துடும். அப்புறம் காத்து போக வழியே இருக்காது.

எங்க மாமா வண்டி கதை இதுக்கு நல்ல உதாரணம். பதினாலு வருஷ ஹேட்ச்பேக். அத்தைக்கு வாரம் ரெண்டு நாள் திண்டுக்கல்ல டயாலிசிஸ். போக வர ரெண்டு பக்கமும் ஒரு மணி நேரத்துக்கு மேல. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு பிரஷர் இறங்கித் தலை சுத்தும், மே மாசத்து அனல் காத்துல கண்ணாடியை இறக்கிட்டு வர முடியாது. ஒரே வருஷத்துல மூணு முறை கேஸ் நிரப்பியிருந்தார், ஒவ்வொரு தடவையும் 1,800 ரூபாய். நாலாவது தடவை அந்தக் கடையில கம்ப்ரஸர், கன்டன்ஸர், டிரையர், எல்லாம் சேர்த்து 27,500 என்று எழுதிக் கொடுத்துட்டாங்க. “என்ன மாப்ள, வண்டியவே தள்ளிட்டு வாடகைக்கார்ல போயிரலாமா?” என்று போன் பண்ணினார். மாசத்துக்கு எட்டு ஒன்பது ட்ரிப். வாடகைக்குக் கணக்குப் போட்டா அதுவும் கட்டுபடி ஆகாது.

விசாரிச்சா, காலையில போறப்ப நல்லாத்தான் இருக்காம். திரும்புறப்ப ஊருக்குள்ள நெரிசல்ல மாட்டினா போயிடுமாம். அதாவது வண்டியில ரெண்டு தனித்தனிப் பழுது. ஒண்ணு ஃபேன், இன்னொண்ணு கசிவு. பானெட்டைத் திறந்து ஏசியைப் போட்டு நின்னோம். கன்டன்ஸர் ஃபேன் ஓடவே இல்லை. பக்கத்துல இருந்த அதே அளவு ஹாரன் ரிலேயை மாத்திச் சொருகினதும் சுத்த ஆரம்பிச்சுது. கசிவைக் கண்டுபிடிக்கவும் கருவி தேவைப்படல. கன்டன்ஸர் பைப் ஜாயின்ட் ஒண்ணுல மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோட அழுக்கு அப்பிக் கிடந்தது. கேஸ் தனியாப் போகாது, கம்ப்ரஸர் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிட்டுத்தான் போகும், அதுல தூசி ஒட்டிக்கும். பழைய வண்டியில கசிவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தராசு வச்சிருக்கிற வேற ஒரு கடையில, ஓ-ரிங் மாத்தி, நைட்ரஜன் டெஸ்ட் பண்ணி, வேக்யூம் இழுத்து, ஸ்டிக்கர்ல இருந்த அளவுக்கு கேஸ் போட்டு, புது ரிலேயும் சேர்த்து 2,950 ஆச்சு. கேஜ்ல 32-ம் 215-ம் காட்டிச்சு. ‘வீக்’கான கம்ப்ரஸர் அப்படிக் காட்டாது. ரெண்டு கோடை தாண்டிடுச்சு, இன்னும் அதே கேஸ்தான் ஓடுது.

கடையில என்ன கேட்பது

கசிவு எங்கே என்று காட்டுங்க, அதைச் சரி செஞ்ச பிறகு கேஸ் போடுங்க. இதுதான் முதல் வாக்கியம். காலியான சுற்றுல நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ சுமாருக்கு ஏத்தி மூடி வச்சா, முள் இறங்குதா என்று பார்க்கலாம். ஜாயின்ட்ல சோப்பு நுரை போட்டா குமிழி வரும். ரொம்ப மெல்லிய கசிவுக்கு யூவி டை போட்டு, சில வாரம் ஓட்டிட்டு நீல விளக்குல பார்க்கணும். கேஸ் நிரப்புற இடத்துல, சைக்கிள் ட்யூப்ல இருக்கிற மாதிரி ஒரு வால்வ் பின் இருக்கும். அதுவும், அதோட மூடி காணாமப் போறதும் கசிவுக்கு வழி. பின் விலை டீ, வடைச் செலவுதான். நைட்ரஜன் இல்லைன்னு வெல்டிங் கடை ஆக்ஸிஜனை யாராவது ஏத்த வந்தா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. ஆயிலும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தா வெடிக்கும்.

அடுத்து வேக்யூம். சுற்றைத் திறந்து மூடினா அரை மணி நேரமாவது பம்ப் போட்டு இழுக்கணும். காத்தை வெளியேத்துறது மட்டும் இதோட வேலை இல்லை, ஈரத்தையும் உலர்த்தணும். அழுத்தத்தை நல்லா இறக்கினா நம்ம ஊர் 30 டிகிரி வெப்பத்துலயே தண்ணி கொதிச்சு ஆவியாப் போயிடும். ஈரம் உள்ள தங்கினா எக்ஸ்பான்ஷன் வால்வ்ல ஐஸ் அடைக்கும், ஆயிலோட சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். பம்ப்பை நிறுத்தின பிறகு பத்து நிமிஷம் முள் அசையாம நிக்குதா என்று பக்கத்துல நின்னு பாருங்க. கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை. (ஒரு துணுக்கு: கடல் மட்டத்துல முள் 30 அங்குலத்துக்குக் கிட்டப் போகும். அதே பம்ப்பைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனா 23 அங்குலத்தைத் தாண்டாது. பம்ப் பழுதில்லை, அங்க இழுக்க இருக்கிற வளிமண்டலமே அவ்வளவுதான்.)

கேஸ், தராசுல சிலிண்டரை வச்சு கிராம் கணக்குல. ‘ஒரு கேன் முழுசா’ என்பது அளவு இல்லை, கேன் எத்தனை கிராமோ உங்க வண்டிக்கு அது வேணும்னு கட்டாயம் இல்லை. கசிவை அடைக்கிற திரவம் என்று பாட்டில்ல வர்றதைப் போடவே விடாதீங்க. அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும். அப்புறம் நல்ல கடைக்காரர் உங்க வண்டியைத் தன்னோட மெஷின்ல மாட்டவே யோசிப்பார்.

கம்ப்ரஸர் உண்மையாவே போகாதா? போகும். ஆனா ‘கம்ப்ரஸர் சத்தம்’ என்று சொல்றதுல பாதி, முன்னாடி இருக்கிற புல்லி பேரிங். பல மாடல்கள்ல பேரிங்கையோ கிளட்சையோ மட்டும் தனியா மாத்தலாம், கேஸைத் திறக்கவே வேண்டாம். உள்பக்கம் தேய்ஞ்சு உடைஞ்சிருந்தா கதை வேற. உலோகத்தூள் சுற்று முழுக்கப் பரவியிருக்கும். அப்போ டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாத்தாம புதுக் கம்ப்ரஸரைப் போட்டா அதுவும் சீக்கிரம் போகும். இப்போதைய கன்டன்ஸர்களோட குழாய்கள் மயிரிழை மாதிரி இருக்கிறதால அதைக் கழுவிச் சுத்தம் பண்றதும் நடக்காத காரியம், மாத்தத்தான் வேணும். இந்த மாதிரி நேரத்துல இருபதாயிரத்துக்கு மேல எஸ்டிமேட் வந்தா அது கொள்ளை இல்லை, நியாயமாவே அவ்வளவு ஆகும். பழைய டிரையரை வெட்டியோ, பைப்பைக் கழட்டியோ அந்தத் தூளைக் காட்டச் சொல்லுங்க. காட்டினா நம்பலாம்.

சென்னை புதுப்பேட்டையில கழட்டின கம்ப்ரஸர் பாதி விலைக்கும் கீழ கிடைக்கும். எடுக்கலாம். ஆனா குழாய் வாய் ரெண்டும் மூடி போட்டிருக்கணும், கையால சுத்தினா சொரசொரப்பு இல்லாம ஓடணும், உள்ள இருக்கிற ஆயில் கறுப்பா இருக்கக்கூடாது. வாய் திறந்து மழையில கிடந்ததை எந்த விலைக்கும் வாங்காதீங்க. உள்ள இருக்கிற ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும் ரகம்.

கூலிங் காயில்ல ஓட்டைன்னா யோசிக்கணும். காயில் விலையைவிட டேஷ்போர்டைக் கழட்டி மாட்டுற கூலிதான் பல வண்டியில வலிக்கும். கழட்டினா பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும், அப்புறம் மேடு பள்ளத்துல டேஷ்போர்டு கடகடன்னு பாடிட்டே வரும். காயிலைப் பிரிச்சா எக்ஸ்பான்ஷன் வால்வையும் அப்பவே மாத்திடணும், ரெண்டாவது தடவை பிரிக்கிற கொடுமை வேண்டாம். வருஷத்துல ரெண்டே மாசம் ஏசி போடுறவர், கசிவும் மெதுவா இருந்தா, வருஷத்துக்கு ஒரு தடவை நிரப்பிட்டுப் போறதே பணக் கணக்குல லாபமா இருக்கலாம்.

ஆனா அந்தக் கணக்குல வராத ஒண்ணு இருக்கு. 134ஏ ஒரு கிலோ காத்துல கலந்தா, நூறு வருஷக் கணக்குல அது 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 450 கிராம் ஒரு தடவை கசிஞ்சா, சுமார் 280 லிட்டர் பெட்ரோல் எரிச்ச மாதிரி. இதுக்கு முந்தின கேஸ் இன்னும் மோசம். 1987-ல் மான்ட்ரியல் உடன்பாட்டுல கட்டுப்படுத்தப்பட்ட ஆர்-12, சூடேத்துறது போக ஓசோனையும் தின்னது. நம்ம மாவட்டத்துக்கும் அதுல ஒரு தொடர்பு உண்டு. 1950-களிலிருந்தே டாப்சன் கருவியை வச்சு ஓசோனை அளந்த இடங்கள்ல கொடைக்கானலும் ஒண்ணு. இந்தியாவில் ஆர்-12 புழக்கம் 2010-க்குள்ள முடிஞ்சுது. அந்தக் கால வண்டியை ஆசைக்கு வச்சிருக்கிறவங்க 134ஏ-க்கு மாறலாம். பழைய மினரல் ஆயிலை முழுசா வடிச்சு, டிரையரும் ஓ-ரிங்குகளும் மாத்தி, ஆர்-12 அளவில் 80 முதல் 90 சதவீத எடைதான் நிரப்பணும். ஆயிலை மாத்தாம கேஸை மட்டும் மாத்தினா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கலக்காது, கம்ப்ரஸர் காய்ஞ்சு பிடிச்சுக்கும். 134ஏ-க்கும் இப்போ முடிவு குறிச்சாச்சு. 2021-ல் இந்தியா ஏற்ற கிகாலி திருத்தப்படி 2028-ல் உச்சவரம்பு, 2032 முதல் படிப்படியாகக் குறைப்பு. நாளைக்கே கிடைக்காமப் போகாது, ஆனா மலிவா இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேஸ் விலை ஏறும்போதெல்லாம் போலியும் சேர்ந்தே வரும். 2011-ல் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடிச்சுத் தொழிலாளர்கள் இறந்தாங்க. 134ஏ என்ற பெயர்ல மெத்தில் குளோரைடு கலந்த கேஸ் நிரப்பியிருந்ததுதான் காரணமா கண்டுபிடிக்கப்பட்டது. அது அலுமினியத்தோட சேர்ந்தா, காத்து பட்டதும் தானாத் தீப்பிடிக்கிற பொருளா மாறும். கார் ஏசியில முக்காவாசி அலுமினியம்தான். அதனால சீல் உடைக்காத, கம்பெனி பேர் போட்ட சிலிண்டரை உங்க கண் முன்னாடி எடுத்து மாட்டச் சொல்லுங்க. எல்பிஜி கலந்து மலிவா முடிச்சுத் தர்றேன் என்கிறவர்கிட்ட கேபினுக்குள்ள ஒரு எரிவாயுக் கசிவை விலைக்கு வாங்குறோம் என்று நினைச்சுக்கங்க.

கடைசியா, மழைக்காலத்துலயும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியைப் போட்டு ஓட்டுங்க. கம்ப்ரஸரோட ஷாஃப்ட் சீல் ஆயில்ல நனைஞ்சாத்தான் கசியாம இருக்கும். மாமா இப்போ புதன்கிழமை மளிகை வாங்கப் போறப்ப அதைச் செய்றார்.